ஐந்தா, எட்டா

காரைக்கால்
6.8.2023

அன்புள்ள ரஃபீக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நமக்கு நிச்சயமாகி ஒரு மாதமாகிறது. போனில் ‘ம்’, ‘சரி’, ‘சாப்டீங்களா’ தவிர உங்களிடமிருந்து வேறு வார்த்தை வரவில்லை. எழுதினாலாவது பேசுவீர்களா என்று பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருப்பது தெரியுமல்லவா? நேற்று விழிதியூரிலிருந்து தங்கையன் என்ற விவசாயி குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். ஆறு வருஷமாகத் தவறாமல் பிரீமியம் கட்டியவர். கம்பெனி மறுத்துவிட்டது. பாலிசி எடுத்தபோதே அவருக்கு பிரஷர் இருந்ததாம், அதைச் சொல்லவில்லையாம். “பிரஷருக்கும் குடலுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று அவர் மனைவி செல்லம்மா கேட்டார். நீங்களும் ஏதோ இன்சூரன்ஸ் கணக்குதான் பார்க்கிறீர்கள் என்று உம்மா சொன்னாங்க. நீங்களாவது சொல்லுங்கள்.

சஜிதா

மும்பை
15.8.2023

அன்புள்ள சஜிதா,

வ அலைக்குமுஸ்ஸலாம். எனக்குப் போனில் கூச்சம். அறையில் இன்னும் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

என் வேலைக்கு ஆக்சுவரி என்று பெயர். லட்சம் பேர் பாலிசி எடுத்தால், வருகிற வருஷங்களில் எத்தனை பேர் நோயில் படுப்பார்கள், எவ்வளவு செலவாகும், அதற்கு எவ்வளவு பிரீமியம் வாங்கினால் கம்பெனி கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியும் என்று கணித்துச் சொல்வேன்.

செல்லம்மா கேட்டது சரி. சம்பந்தமே இல்லை. ஆனால் எட்டு வருஷம் கட்டி முடிக்கும்வரை, பழைய நோயைச் சொல்லவில்லை என்று கம்பெனி தோண்டலாம். இப்போதைய விதி அப்படி. அந்த விதிகளைத்தான் மாற்றி எழுதப் போகிறார்கள். ஒழுங்குமுறை ஆணையத்துக்கு யோசனை சொல்லும் ஒரு குழுவில், கடைசி நாற்காலியில் நானும் இருக்கிறேன். எட்டை ஐந்தாக்கலாமா என்று பேச்சு நடக்கிறது.

தங்கையன் அதுவரை காத்திருக்க வேண்டாம். சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் தேவையில்லை. நீங்களே மனு எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம். குழு வேலை இழுத்துக்கொண்டே போகிறது. நவம்பரில் வைத்திருக்கும் நிக்காஹைத் தள்ளிவைக்க முடியுமா? உங்கள் வாப்பாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

ரஃபீக்

காரைக்கால்
3.9.2023

ரஃபீக் அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்பதை இந்தத் தடவை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

“யார் எப்ப படுப்பாங்கன்னு கணக்குப் போடுறவருக்குத் தன் நிக்காஹ் எப்பன்னு தெரியலியாமா?” என்று வாப்பா கேட்டாங்க. வீடே சிரித்தது, என்னைத் தவிர. தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி மண்டபத்துக்காரர் முன்னால் போய் அசடு வழிந்து நின்றது நான்தான்.

தங்கையன் மனுவை அனுப்பிவிட்டேன். பிரஷரால் குடலிறக்கம் வரவில்லை என்று எங்கள் டாக்டரும் எழுதிக் கொடுத்தார்.

ஒன்று கேட்கிறேன். எட்டை ஐந்தாக்கினால், வேண்டுமென்றே மறைப்பவர்களுக்கும் சேர்த்து மற்றவர்கள்தானே கட்ட வேண்டிவரும்? அதைப் பார்த்தீர்களா? நன்றாகப் பார்த்துவிட்டே வாருங்கள். காத்திருக்கிறேன்.

சஜிதா

மும்பை
21.1.2024

அன்புள்ள சஜிதா,

நீங்கள் கேட்டதையேதான் கூட்டத்திலும் கேட்டார்கள். “அஞ்சு வருஷம்னா எல்லாரும் நோயை மறைச்சுட்டு வந்து சேருவாங்க” என்றார் ஒருவர். என் மேலாளரும் தலையாட்டினார். நான் எழுந்தேன்.

“ஐந்து வருஷம் கட்டியவர்களில் நிஜமாக ஏமாற்றியவர்கள் மிகச் சொற்பம். அவர்கள் செலவை எல்லார் மேலும் பரப்பினால் ஆளுக்கு மாதம் ஒரு டீக்காசுகூட ஆகாது. இப்போது அந்தச் சொற்பப் பேருக்காக நேர்மையானவர்களை வாசலில் நிறுத்தி விசாரிக்கிறோம்” என்றேன். கடைசி வரியை எழுதி வைத்திருக்கவில்லை. உங்கள் கவுன்ட்டரை நினைத்தேன், வந்துவிட்டது.

அறிக்கையைக் கொஞ்சம் மென்மையாக்கச் சொன்னார் மேலாளர். நான் மாற்றவில்லை. என் கருத்தைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி வேலை நிலைக்குமா தெரியாது. வாப்பாவிடம் இதை மறைக்க வேண்டாம். நீங்களும் யோசித்துச் சொல்லுங்கள்.

ரஃபீக்

காரைக்கால்
13.4.2024

மச்சானுக்கு,

ஈத் முபாரக். வேலை போனால் போகட்டும், காரைக்காலில் கடை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். அனுப்புவதற்குள் நீங்களே கூப்பிட்டு, உங்கள் தனிக் கருத்தைப் படித்த மேலாளர் உங்களைத் தன் பக்கத்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டார் என்று சொல்லிவிட்டீர்கள். கடை போடும் யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

விதியில் எட்டு வருஷம் ஐந்தாகிவிட்டது. “எங்க மருமகன் மாத்துன விதி” என்று வாப்பா பள்ளிவாசலில் ஒவ்வொருவரையும் நிறுத்தி நிறுத்திச் சொல்றாங்க. நீங்கள் ஒருவர் மட்டும் மாற்றியதில்லை என்றேன். “தெரியும்லா, அவரும்தானே மாத்துனாரு” என்றாங்க.

தங்கையனுக்கும் நல்லபடி தீர்ப்பு வந்து, மார்ச்சிலேயே ஆபரேஷன் முடிந்தது. அவர் பாரம் தூக்கக் கூடாதாம். அதனால் எங்களுக்கென்று கொண்டுவந்த புது உளுந்து மூட்டையைச் செல்லம்மா சுமக்க, அவர் கையை வீசிக்கொண்டு பின்னால் வந்தார். கவுன்ட்டரில் எல்லாருக்கும் சிரிப்பு.

ஏப்ரல் 28, ஞாயிறு நிக்காஹ். மண்டபத்துக்காரரும் சம்மதித்துவிட்டார்.

மும்பைக்கு வருகிறேன். அங்கேயும் ஓர் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் உட்காருவேன். நீங்கள் எழுதும் ஒவ்வொரு விதியும் சனங்களை என்ன செய்கிறது என்று சாப்பாடு போடும்போதே சொல்வேன். பசியோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
சஜிதா