வேனில் ஏறாத நாள்

அன்புள்ள அக்கா,

பள்ளியில் இன்று புதுச் சீருடை கொடுத்தார்கள். பிரித்ததும் கஞ்சியும் மெஷின் எண்ணெயும் கலந்த அதே வாசம். சின்னசேலம் பக்கத்துத் தையல் கம்பெனியில், கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அக்காவான உன் மெஷினுக்கு அருகே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிய நாட்கள் ஞாபகம் வந்தன. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

வேலை சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க ஆட்கள் வரும் நாள் எங்களுக்குக் கொண்டாட்டம். தகவல் முன்பே வந்துவிடும். மெஷின் ஓட்டும் பெரியவர்களான உங்களுக்கு, தூசுக்கு முகமூடி கிடைக்கும். பூட்டியே கிடக்கும் பின்வாசல் திறக்கும். வயது குறைந்த எங்களை மட்டும் வேனில் ஏற்றி, புளிச்சோறு கட்டிக்கொடுத்து, கல்வராயன் மலை அருவிக்கு அனுப்புவார்கள். ஒளித்துவைக்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஆட்கள் வந்த ஒரு நாள், நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நீ போவாதடி. எங்கூட குந்து."

"எல்லாம் அருவிக்குப் போறாங்கக்கா."

"அருவி அங்கியேதான் இருக்கும். குந்து."

அரசாங்கத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா என் முன்னால் நின்று வயது கேட்டார். யார் கேட்டாலும் பதினெட்டு என்று சொல்லச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். நான் வாயைத் திறக்கும் முன்பே நீதான் சொன்னாய்.

"பதிமூணுங்க. பள்ளிக்கூடம் போயிகினு இருந்த பொண்ணு. இது மாதிரி இன்னும் பத்து பேரு வேன்ல மலைக்குப் போயிருக்குதுங்க."

நாங்கள் பள்ளிக்குத் திரும்பினோம். கம்பெனியில் பின்வாசல் பூட்டு போனது. கூடவே ராத்திரி ஓவர்டைமும் போனது. சம்பளம் கம்மியானதும் கூட வேலை செய்தவர்களே உன்னைக் குத்திக்காட்டினார்கள்.

"சட்டம் பேசுறவங்க வர்றாங்க, வழி வுடுங்கடி."

"கதவு தொறந்துதான கீது, காத்து வாங்கிகினு வேல செய்யுங்கடி" என்று சிரித்தாயாம்.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கவில்லை.

இன்று சாயங்காலம், கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் புரோக்கர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "வளந்துட்டா. பதினெட்டுன்னா எவன் நம்ப மாட்டான்? பரீட்ச முடியட்டும், வேன் அனுப்புறேன்" என்றார். அப்பா தலை நிமிராமல், "பாக்கலாங்க" என்றார்.

காலையில் அப்பா டீ குடிக்கும்போது எதிரில் போய் உட்காரப் போகிறேன். "எனக்குப் பதினஞ்சுதாம்ப்பா. யாரு கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்."

குரல் நடுங்கும். நடுங்கட்டும். அன்றைக்கு அந்த அதிகாரியிடம் நீ பேசியபோது, என்னைப் பிடித்திருந்த உன் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, அக்கா.