டெல்மரின் அட்டை நவம்பர் எட்டு வரை

செப்டம்பர் 17, செவ்வாய்

கொட்டகைக்குப் பின்னால் பயிற்சிக்கான மண்மேட்டைப் புதிதாகக் கொட்டச் சொன்னேன். போன வருட மேட்டில் புல் மண்டிவிட்டது. புல் மண்டிய மேட்டில் மழை மண்ணை அரிப்பதை எப்படிக் காட்டுவது? லாரிக்காரர் சிரித்தார். "புல்லு மொளைக்கணும்னுதானே ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீங்க. மொளைச்சா வேணாங்கறீங்க."

இந்தப் பருவத்தில் மூன்று வகுப்புகள். கட்டட வேலைக்காரர்களுக்கும் நகராட்சி ஆட்களுக்கும், மழைத்தண்ணீரோடு மண்ணும் சேர்ந்து ஓடைக்குப் போகாமல் தடுப்பது எப்படி என்று ஒரு நாள் சொல்லிக்கொடுத்து, பரீட்சை வைத்து, அட்டை கொடுப்பேன். அட்டை மூன்று வருடம் செல்லும். அட்டை இல்லாதவன் சைட்டின் வாரப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இல்லாமல் சைட் நடக்காது.

டெல்மரின் அட்டை நவம்பர் 8 வரை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டதே நான்தான்.

ஆக, வந்துதான் ஆகவேண்டும். மூன்று வருடமாக என்னோடு பேசாத தம்பி, என் வகுப்பில், என் எதிரில், எட்டு மணி நேரம் உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

செப்டம்பர் 19, வியாழன்

பெயர் பதிவு தொடங்கியது. ஒன்பது பேர். அவன் இல்லை.

செப்டம்பர் 26, வியாழன்

பதினேழு பேர். அவன் இல்லை.

லான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பெயர்ப் பட்டியல் அவள் பொறுப்பு. இன்று மூன்றாவது முறை போய் நின்றதும் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். "நீங்களே பாத்துக்கங்க, ரோ. யாரத் தேடறீங்கன்னு சொன்னா நானும் கூடத் தேடுவேன்."

யாரையும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஹல்வர்சன் என்ற என் குடும்பப் பெயரில் இந்த ஊரில் இன்னொருவன் இருப்பது அவளுக்குத் தெரியாது.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்றிலிருந்து மழைக்காலக் கணக்கு. வெறும் மண்ணை இரண்டு நாளுக்கு மேல் மூடாமல் போடக்கூடாது. வெளியே நல்ல வெயில். சோதனைக்கு நாலு சைட்டுக்குப் போனேன். நாலு பேரும் வானத்தைக் காட்டிச் சிரித்தார்கள்.

பென்டர் சாலை வழியாகப் போகவில்லை. அங்கே அவன் இரண்டாம் கட்ட வீடுகளைத் தொடங்கியிருக்கிறான் என்று தெரியும். அந்தப் பக்கத்தை என்னோடு வேலை பார்க்கும் ஹாரிஸ் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு தடவையாவது முழுசாக எழுதி வைக்கிறேன். அவன் அட்டை வாங்கிப் பதினைந்து நாள். அந்தப் பரீட்சையில் அவன்தான் முதல். பெருமழை. பென்டர் சாலை மூலையில் இருந்த வடிகால் தொட்டிக்குள் மண்ணைப் பிடிக்கும் பை நிரம்பி அடைத்துக்கொண்டது. தண்ணீர் இறங்காமல் ரோட்டில் ஏறியது. டெல்மர் பையைப் பிடுங்கி வெளியே எடுத்தான். அரை மணி நேரத்தில் மேட்டுச் சேறு மொத்தமும் ஓடைக்குள் போனது. சால்மன் மீன்கள் முட்டையிட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஓடையின் கூழாங்கல் தரை சிமென்ட் பூசியதுபோல் ஆகிவிட்டது.

அப்போதுதான் நான் அந்த வழியாக வந்தேன். படம் எடுத்தேன். வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் எழுதினேன். பதினோரு நாள் சைட் மூடிக்கிடந்தது. ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அவன் செய்தது தப்பு. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

ஆனால் வேறு எந்த கான்ட்ராக்டராக இருந்தாலும் முதலில் போன் பண்ணியிருப்பேன். 'என்ன ஆச்சு, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு, இல்லாட்டி எழுதிடுவேன்' — எங்கள் வழக்கமே அதுதான். அப்போது நான் இந்த வேலைக்கு வந்து ஆறு மாதம். தம்பி என்று விட்டுவிட்டாள் என யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற பயம். ஊரில் எல்லோருக்கும் செய்ததை அவனுக்கு மட்டும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக் கேரேஜுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, அதனால்தான் பிடுங்கினான் என்பதுகூட நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் தெரியும். கேட்டால்தானே தெரியும்.

அலுவலகக் கவுன்ட்டருக்கு வந்து நின்றான். கத்தவில்லை. "ஊர்ல இருக்கவனுக்கெல்லாம் போன் பண்ணுவ. எனக்கு ஒரு போன் பண்ண முடியல இல்ல?" அதுதான் கடைசி.

அக்டோபர் 9, புதன்

முதல் வகுப்பு. இருபத்திரண்டு பேர். அவன் வரவில்லை.

காலையில் வழக்கமான ஜாடி விளையாட்டு. ஆறு ஜாடிகளில் ஆறு விதக் கலங்கல் தண்ணீர். கண்ணால் பார்த்தே கலங்கல் எண்ணைச் சொல்லவேண்டும்; கலங்கல் கூடக்கூட எண்ணும் கூடும். பிறகு மீட்டரில் வைத்துப் பார்ப்போம். நெருங்கி வருபவருக்கு ஒரு பெட்டி டோனட். நகராட்சிச் சாலைப் பிரிவின் மெர்வின் தொண்ணூறை நானூறு என்றார். "எங்க தெருவுல ஓடற தண்ணிய வச்சுப் பாத்தா இது குடிக்கற தண்ணிதாம்மா. பாவம்னு நானே கூட்டிச் சொன்னேன்." டெல்மர் மூன்று வருடம் முன்பு ஆறையும் ஐந்து எண் வித்தியாசத்துக்குள் சொன்னான். அதற்குப் பிறகு யாரும் கிட்டேகூட வரவில்லை.

மத்தியானம் பென்டர் சாலைப் படத்தைத் திரையில் போட்டேன். வடிகால் மூடி திறந்து கிடக்கும், பழுப்புத் தண்ணீர் உள்ளே பாயும். படத்திலிருந்த சைட் பெயர்ப்பலகையை மட்டும் நான் அழித்திருந்தேன். பையை ஏன் எடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மெர்வின் கேட்டார். "இது டெல்மரோட சைட்டுதானே?"

"எந்த சைட்டுங்கறது முக்கியமில்ல" என்றேன்.

"நமக்குத் தெரியாததா. மூணு வருஷமா இதைத்தான் போடறீங்க. எங்க ஆபீஸ்ல இதுக்கு டெல்மர் படம்னே பேரு."

யாரோ சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த படத்துக்குப் போனேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

வெளியே போய் மண்மேட்டில் மண்ணைத் தடுக்கும் துணிவேலி போடப் பழகினார்கள். குழாயைத் திறந்துவிட்டதும் மெர்வின் குழுவின் வேலிக்கு அடியிலேயே தண்ணீர் புகுந்து வந்தது. துணியின் அடியைப் பள்ளம் வெட்டிப் புதைக்காமல், மேலே நாலு மண்வெட்டி மண்ணைப் போட்டு மிதித்துவிட்டார்கள். எல்லா வருடமும் நடப்பது. திட்டக்கூடத் தோன்றவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

படத்தை எடுத்துவிட்டேன். அழிக்கும் முன் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டுக் கை தெரியும். பையைப் பிடித்திருக்கும் கை.

மெர்வின் சொன்னது சரி. பலகையை அழித்தால் போதும் என்று நினைத்தேனே, எத்தனை மடத்தனம். மூன்று வருடமாக என் தம்பியைச் சுவரில் மாட்டி ஊருக்கே காட்டியிருக்கிறேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன், இங்கே பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. நல்ல படங்கள் வேறு இருந்தன. இதை ஏன் மாற்றவில்லை? வருடத்தில் சில தடவை, ஒரு நிமிஷம், அந்தக் கை திரையில் வரும். அவ்வளவுதான் எனக்கு மிச்சம் இருந்தது.

அக்டோபர் 17, வியாழன்

இரண்டாம் வகுப்பு. அவன் இல்லை. இன்னும் ஒன்றுதான் பாக்கி, அடுத்த புதன்.

போனை எடுத்தேன். அவன் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது? உன் அட்டை முடியப்போகிறது என்றா? அது இன்னொரு நோட்டீஸ். எனக்கு நோட்டீஸ் எழுதுவதைத் தவிர ஒன்றுமே தெரியாதா?

அக்டோபர் 23, புதன்

கடைசி வகுப்பு. லான் காலையில் பட்டியலை நீட்டி, "நீங்க தேடறவங்க வந்துட்டாங்களா?" என்றாள். கதவைப் பார்த்தபடியே பாடம் எடுத்தேன். தாமதமாக வந்தவர் ஒருவர்தான். அவரும் இடம் மாறி வந்துவிட்டார், கட்டட அனுமதிக்காக வந்தவராம்.

அக்டோபர் 24, வியாழன்

மளிகைக் கடையில் கோரலி. டெல்மரின் மனைவி. என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பப் பார்த்தாள், பிறகு மனசு வராமல் நின்றாள்.

"தெக்கே ரெண்டு மாவட்டம் தள்ளி ஒரு வகுப்பு இருந்துச்சு, ரோ. முந்தாநாள் போயிட்டு வந்துட்டாரு. போக ரெண்டரை மணி நேரம், வர ரெண்டரை மணி நேரம்."

"பாஸாயிட்டானா?" இதையா கேட்பது?

"ஆயிட்டாரு. ஆனா வந்ததுலேருந்து ஒரே முனகல். அங்க ஜாடி விளையாட்டே கெடையாதாம். அது இல்லாம என்னடி வகுப்புங்கறாரு." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்பதுபோல் என் கையைத் தொட்டாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

யாரிடம் சொல்லப்போகிறேன்.

அக்டோபர் 25, வெள்ளி

அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டத் தயார், என் மூஞ்சியப் பாக்க மட்டும் முடியாது. போ. போயேன். நல்லா இரு.

நவம்பர் 8, வெள்ளி

இன்று அவனுடைய பழைய அட்டை முடிந்தது. என் கையெழுத்து இருந்த அட்டை. குப்பையில் போட்டிருப்பான்.

மழை தொடங்கிவிட்டது.

நவம்பர் 13, புதன்

இரண்டு நாளாக விடாத மழை. காலை பத்து மணிக்கு அலுவலக போன் அடித்தது. லான் வேறு அழைப்பில் இருந்ததால் நான் எடுத்தேன். கலங்கல் எண் இருநூற்றைம்பதைத் தாண்டினால் ஒரு நாளுக்குள் சைட்காரரே எங்களுக்குச் சொல்லவேண்டும் என்பது விதி. பாதிப் பேர் சொல்வதில்லை. நாங்களாகப் போய்ப் பிடித்தால்தான் உண்டு.

"பென்டர் ரோடு சைட். டெல்மர் பேசறேன்."

படிவத்தை எடுத்தேன். பேனா கிடைக்கவில்லை. லானின் பேனாவை அவள் கையிலிருந்தே பிடுங்கினேன்.

"சொல்லுங்க" என்றேன். 'ங்க'. என் தம்பியிடம். "முழுப் பேரு?"

"உனக்குத் தெரியாதா?"

"படிவத்துல இருக்கு. கேட்டுத்தான் ஆகணும்."

"டெல்மர் ராய் ஹல்வர்சன்."

"கலங்கல் எவ்வளவு?"

"முந்நூத்திப் பத்து. பாட்டில்ல பாத்தப்பவே முந்நூறுன்னு நெனச்சேன்."

அதை எழுதினேன். முந்நூறையும் எழுதிவிட்டேன், பிறகு அடித்தேன். "காரணம்?"

"மேல்பக்க வேலி சாஞ்சிருச்சு. புது ஆளுங்க. அடியப் பொதைக்காம மேல மண்ணப் போட்டு மிதிச்சு வச்சிருக்காங்க. நான் நேத்து பாத்திருக்கணும், பாக்கல."

அடுத்த கேள்வி பை. படிவத்தில் இருக்கிறது, கேட்காமல் விட முடியாது. "வடிகால் தொட்டியில பை இருக்கா?"

"இருக்கு. எடுக்கல. ரோட்டுல முழங்கால் தண்ணி. மோட்டார் வச்சு மேல இருக்கற குட்டைக்கு எறைச்சுக்கிட்டிருக்கேன். பக்கத்து வீட்டுக்கு மணல் மூட்டை அடுக்கியாச்சு." பிறகு சொன்னான், "போன் பண்றது ஒண்ணும் அவ்ளோ கஷ்டமில்ல, ரோ."

"இல்ல. அன்னிக்கி நான் பண்ணியிருக்கணும், டெல். உனக்குத்தான் மொதல்ல பண்ணியிருக்கணும்."

"அதுக்குப் படிவத்துல எடம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப எழுதாத" என்றான். வைத்துவிட்டான்.

லான் எழுந்து வந்தாள். தன் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, காகிதத் துண்டு ஒன்றைக் கொடுத்தாள், முகம் துடைக்க. சைட்டுக்கு ஹாரிஸ் போனார். எல்லாம் சொன்னபடியே இருந்ததாம்.

நவம்பர் 14, வியாழன்

இருபத்தைந்துக்குக் கீழே வரும்வரை தினமும் எண்ணைச் சொல்லவேண்டும். ஈமெயிலிலேயே அனுப்பலாம், எல்லோரும் அப்படித்தான் அனுப்புவார்கள்.

பத்து மணிக்கு போன் வந்தது. "நூத்தி நாப்பது." வைத்துவிட்டான்.

நவம்பர் 15, வெள்ளி

"எண்பத்தெட்டு. நீ என்ன நெனச்ச?"

"தொண்ணூறு" என்றேன்.

"சும்மா சொல்ற."

ஆமாம், சும்மாதான் சொன்னேன்.

நவம்பர் 16, சனி

விடுமுறை. இருந்தாலும் பத்து மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். "நாப்பத்தாறு." கோரலிக்குச் சளி பிடித்திருக்கிறது என்றான். மழை விட்டுவிட்டது.

தண்ணீர் தெளிய வேண்டும் என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம். மூன்றரை வருடமாக அதற்காக ஊரோடு சண்டை போடுகிறேன். இன்று ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துக்கொண்டு, இன்னும் ரெண்டு நாள் கலங்கியே இருக்கட்டுமே என்று நினைத்தேன். ஓடையில் இந்த வாரமும் முட்டைகள் இருக்கின்றன. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நினைத்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

முப்பத்தொன்று.

நவம்பர் 18, திங்கள்

"இருவத்திரெண்டு" என்றான். "முடிஞ்சுது இல்ல?"

"முடிஞ்சுது. இனிமே சொல்ல வேண்டியதில்ல."

"சரி. தேங்க்ஸ்."

படிவத்தில் 'முடிந்தது' என்று குறித்துக் கோப்பில் போட்டேன். இதற்கு மேல் என்ன எதிர்பார்த்தேன்?

நவம்பர் 19, செவ்வாய்

போன் இல்லை.

நவம்பர் 20, புதன்

பத்து மணிக்கு அடித்தது. லைட் கம்பம் விழுந்ததாக யாரோ.

நவம்பர் 21, வியாழன்

பத்து மணி ஐந்து நிமிஷம். லான் எடுத்துக் கேட்டுவிட்டு என் மேஜைக்கு மாற்றினாள்.

"ஒம்போது" என்றான் டெல்மர்.

"ஒம்போதுக்கெல்லாம் போன் பண்ண வேண்டியதில்ல, டெல்."

"தெரியும். புது அட்டை வச்சிருக்கேன்ல."

நான் படிவத்தை எடுக்கவில்லை.