மணலைச் சோதிக்கவில்லை

ஜூலை 12, சனி
தம்பி கிளீட்டஸ் சவூதி வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு மாதமாகிறது. இன்று முன்னறை முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கிவிட்டான். எல்லாம் கத்தி, கறுப்புப் பூச்சுக் கத்தி. குளச்சல் சந்தையில் மீன் வெட்டும் பெண்களுக்கு விற்கப்போகிறானாம். செதில் ஒட்டாது, துரு ஏறாது என்கிறான். பெட்டியில் அச்சடித்ததைத்தான் ஒப்பிக்கிறான்.

“நீ ஒரு வார்த்த சொன்னா போதும்க்கா. கெமிஸ்ட்ரி டீச்சர் சொன்னா கேப்பாளுவ.”

சோதிக்காமல் சொல்லமாட்டேன் என்றேன். அவன் முகம் வாடியது. இந்த வயதில் எனக்கு இதுவும் ஒரு வேலை.

ஜூலை 14, திங்கள்
கல்லூரி ஆய்வகத்தில் ஒரு வாளிக் கடல்நீர். அதில் கறுப்புக் கத்தி ஒன்று, பூச்சில்லாத சாதாரண இரும்புக் கத்தி ஒன்று. நன்றாக மெருகேற்றிய கத்தியில் உப்பு தங்க இடமில்லை. மெருகேற்றாமல் கோடு கோடாக விட்ட கத்தியில் தங்கும். இதில் விளிம்பு வரை ஒரு தோல் போலப் பூசியிருக்கிறார்கள். பார்ப்போம்.

ஜூலை 21, திங்கள்
இரும்புக் கத்தி செம்மண் நிறம். கறுப்பில் ஒரு புள்ளி இல்லை. நம்ப மனமில்லை. நம்பாமலிருக்கக் காரணமும் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு
பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் பெண்களிடம் சொன்னேன்: துரு ஏறாது, ஏழு நாள் கடல்நீரில் போட்டு நானே பார்த்தேன். எங்கள் வீட்டு மீனை எப்போதும் வெட்டித் தரும் ஷிபாதான் முதலில் கை நீட்டினாள். “டீச்சர் சொன்ன பிறவு என்ன? தா.”

ஆகஸ்ட் 5, செவ்வாய்
விற்றுத் தீர்ந்ததாம். தம்பி சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். வந்த பிறகு இதுதான் முதல் சிரிப்பு.

ஆகஸ்ட் 9, சனி
சந்தையில் ஷிபா கத்தியை என் முன்னால் நீட்டினாள். திட்டுத் திட்டாக வெளுத்து, விளிம்பில் துரு.

“டீச்சரே, ஒங்க கத்திக்குச் சொறி பிடிச்சிருக்கு.” சுற்றிலும் சிரிப்பு.

எப்படிக் கழுவுகிறாய் என்று கேட்டேன்.

“எப்பவும் போலத்தான். மணலும் தேங்காத் தும்பும் போட்டு ஒரு தேய்ப்பு. இல்லேன்னா வாடை போவுமா?”

பிறகு சிமென்ட் படியில் தீட்டுகிறாள். எல்லாரும் அப்படித்தான். எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருடமாக அதே இடத்தில் மீனுக்காக நின்று, அவர்கள் மணல் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். உப்பைச் சோதித்தேன், மணலைச் சோதிக்கவில்லை. உரிந்த பூச்சு எங்கே போயிற்று — யார் வீட்டுக் குழம்புக்கு? சே, என்ன படிச்சேன் நான்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு
விற்ற கத்தி எல்லாவற்றையும் திரும்ப வாங்கு என்று தம்பியிடம் சொன்னேன். “மணல் போட்டுத் தேச்சா நான் என்ன செய்ய?” என்று கத்தினான். கொஞ்ச நேரம் கழித்து, மெல்ல: “என்ன நம்பி ஒருத்தியும் வாங்கல்லக்கா. ஒன்ன நம்பித்தான்.”

சரிதான்.

ஆகஸ்ட் 16, சனி
காலிப் பெட்டியோடு சந்தைக்குப் போனேன். நான் சொன்னது தப்பு, கத்தியைத் திருப்பித் தாருங்கள், பணத்தைத் தந்துவிடுகிறேன் என்றேன். ஏலச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்திச் சொல்லவேண்டியிருந்தது. சந்தை வாசலிலேயே நின்றுவிட்ட கிளீட்டஸ் பிறகு வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.

ஷிபா தன் கறுப்புக் கத்தியை அதில் போட்டுவிட்டுப் பழையதை எடுத்தாள். வெட்டி வெட்டிச் சாம்பல் நிறம் ஏறிய இரும்பு. அதில் என் அயலை மீனை வெட்டினாள்.

“இதயும் ஏழு நாளு உப்புத் தண்ணியில போட்டுப் பாக்கணுமா டீச்சரே?”

வேண்டாம் என்றேன். மீன் கைக்கு வந்த பிறகும் பார்த்துக்கொண்டே நின்றேன் — அவள் சந்தை முடித்து, மணலில் தேய்த்து, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, சாக்கில் சுற்றும்வரை.