உறவினர்: இல்லை

என் குறும்புக்கெல்லாம் சிரித்த ஒரே பெரிய மனிதராகிய பெரியத்தாவுக்கு,

மட்டாஞ்சேரி மகாஜனங்கள் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு ஆடு அத்தாவின் புதுத் தொப்பியைத் தின்றுவிட்டது. கயிற்றை அவிழ்த்தது யார் என்று விசாரணை நடக்கிறது. விசாரணை அதிகாரியும் நான்தான்.

அத்தா மேல் எனக்குக் கோபம். உங்கள் பக்கம் நின்றவன் நான் ஒருவன்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

புத்தி தடுமாறி, வைப்பின் தீவுக்குப் போகும் படகைக் கொழும்புக் கப்பல் என்று நீங்கள் துரத்திய நாட்களில், பகலில் துணைக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்றார் அம்மா. "ஆளுக்குச் சோறு, சாயா, சம்பளம். கடை தாங்குமா?" என்றார் அத்தா. நீங்கள் கொழும்பில் உழைத்த காசில் வந்த மிளகுக் கடை! அதே மாதம் வீட்டுக்கு ரேடியோ வந்தது. அதைக் கடை தாங்கியது.

"பத்து நாள் வைத்தியம்தாண்டா, கூட்டிட்டு வந்திடலாம்" என்றுதான் அத்தா என்னையும் ரயிலேற்றினார். ஜன்னலோரத்தை எனக்குத் தந்தீர்கள், நினைவிருக்கிறதா?

அந்த மனநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு வார்டு. ஒன்றுக்கு மாதாமாதம் பணம். மற்றது இலவசம், யாருமற்றவர்களுக்கு. "சொந்தக்காரர் உண்டோ?" என்றார் குமாஸ்தா.

"ஆரும் இல்ல சாரே. பஜாரில் கிடந்த ஆளு" என்றார் அத்தா, உங்கள் கூடப்பிறந்த தம்பி.

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். இதையும் என் விளையாட்டு என்றா நினைத்தீர்கள்?

பத்து நாள் எட்டு மாதமானது. அம்மா அழுது அனுப்பிய பெருநாள் பலகாரத்தோடு அத்தாவும் நானும் போனபோது, நீங்கள் மவுத்தாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. யாருமில்லாதவருக்காக யாருக்குக் கடிதம் போடுவார்கள்? எங்கே அடக்கினார்கள் என்று கேட்கப் போன என் கையை அத்தா பிடித்து இழுத்தார். "சொந்தம்னு வாயத் தொறந்தா எட்டு மாசத்துக்கும் காசு கேப்பான். பேசாம வா!"

பேசாமல் வந்தேன், பெரியத்தா. ஆற்று மீன் மாதிரி வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டு.

இன்னொன்றும் உண்டு. அத்தாவுக்குத் தமிழ்தான் எழுத வரும். உங்களைச் சேர்த்த விண்ணப்பத்தை மலையாளத்தில் நிரப்பியது நான். உறவினர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியதும் நான். "நல்ல கையெழுத்து மோனே" என்றார் குமாஸ்தா. ஊர் வந்து சேரும்வரை அந்தப் பெருமையிலேயே இருந்தேன்.

வரும் வெள்ளிக்கிழமை தனியாக ரயிலேறுகிறேன். உங்களை அடக்கிய கபர் எங்கே என்று கேட்பேன். யார் நீ என்பார்கள். சொல்வேன்.

அந்த இடத்தில் எழுதியிருக்க வேண்டிய,
உங்கள் தம்பி மகன் காசிம்