கவிழ்த்து வைத்த போன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பரிசோதனைக்கூடத்தில் ஆறு கான்கிரீட் கட்டிகளை அழுத்தி உடைத்தோம். நான்கு தேறவில்லை. கான்ட்ராக்டர் போனில், "மேடம், கொஞ்சம் பாத்துப் போடுங்களேன்" என்று குழைந்தார். பார்த்துத்தான் போட்டேன். தேறவில்லை என்று போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் தம்பி எடுக்கப்போகும் படத்தின் வசனப் பிரதி. நான் இல்லாத நேரத்தில் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த வாரக் கடைசியில் இங்கேதான் படப்பிடிப்பு. தயாரிப்பாளர் கிடையாது, செட் போட வசதி கிடையாது, அதனால் அம்மா படுத்திருந்த அறை. ஜனவரியில் கேட்டபோது "சரி" என்றேன். "முடியாது" என்றால் அரை மணி நேரம் பேசவேண்டி வந்திருக்கும்.

மகனிடமிருந்து விலகிப்போன ஒரு குடும்பத்தைப் பற்றிய படமாம். யார் யாரிடமிருந்து விலகினார்கள் என்று அவனை யாராவது கேட்கவேண்டும்.

நாற்பத்தோராம் காட்சி. நோயாளித் தாய் போனில், வீடியோ காலில், மகனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். மூத்த மகள் வருகிறாள். ஒரு வார்த்தை பேசாமல் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். திரை இருள்கிறது. மறுநாள் தாய் இறந்துவிட்டாள் என்று மகனுக்குச் செய்தி.

அந்த மூத்த மகளுக்குக் கண்ணாடி. நரைத்த கிராப்பு. "அளந்து பேசுபவள்" என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பு வேறு.

மார்ச் 4

நாற்பத்தொன்றை மறுபடி படித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

வந்தான். காபி போட்டுக் கொடுத்தேன். காபி கொடுப்பதற்கும் கோபத்துக்கும் சம்பந்தமில்லை.

"அது நீ இல்லக்கா. அது ஒரு கேரக்டர்."

"கேரக்டருக்கு எதுக்குடா என் கண்ணாடி?"

"கண்ணாடிய எடுத்துடறேன், விடு."

"கண்ணாடிய எடுத்தா போதுமா? ஊரையே கூட்டி வச்சு என்னைக் கொலைகாரி ஆக்கப்போற."

கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு ஒன்றரை வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டான். "அன்னைக்கு நீ போனைக் கவுத்தியா இல்லையா?"

"கவுத்தேன்."

"அம்மா பேசிட்டே இருந்தாங்க. ஏதோ சொல்ல வந்தாங்க. ஏன் கவுத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் நீ சொல்லல."

நான் கோப்பைகளைக் கழுவப் போனேன். அவன் போய்விட்டான்.

இங்கே எழுதலாம். இதை யாரும் படமெடுக்கப் போவதில்லை.

அன்று சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்குக் கட்டுப்படாமல் போய்விட்டது. படுக்கை முழுக்க. நான் அதற்குமுன் மாற்றிய விரிப்பை அலசிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் ஈரம். அம்மா என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். உதட்டை மட்டும் அசைத்து, "கவுத்து வை" என்றாள். துடைத்து, உடை மாற்றி, புரட்டிப் படுக்கவைத்த பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சின்னவன்கிட்ட சொல்லாதடி. அவன் மனசுல நான் நல்ல அம்மாவாவே இருந்துட்டுப் போறேன்." மறுபடி கூப்பிடட்டுமா என்று கேட்டேன். நாளைக்குப் பேசிக்கலாம் என்றாள். விடிவதற்குள் போய்விட்டாள்.

சொன்னால் நான் தப்பிப்பேன், அம்மா மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் கடைசிப் பேச்சைப் பறித்தவள் நான். நல்ல ஏற்பாடு. என் மனசில் எந்த அம்மாவாக இருந்துவிட்டுப் போவது என்று அவள் யோசிக்கவே இல்லையே. ஏம்மா? எனக்கு மட்டும் எது வேணா தெரியலாமா?

மார்ச் 14, சனி

பதினோரு பேர். செருப்புகள் வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும். கரண்டு போய்விடுமோ என்று பயப்படும் அளவுக்கு ஒயர்கள்.

கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறார்கள். கட்டில் ஒரு நாளும் ஜன்னலோரம் இருந்ததில்லை. குளியலறைக் கதவை ஒட்டிய சுவரில் இருந்தது. அங்கிருந்து அம்மா நான்கு எட்டு வைத்தால் போதும். ஜன்னலிலிருந்தென்றால் பதினொன்று. அம்மாவால் பதினொன்று முடியாது.

சொன்னேன். "எனக்கு இப்படித்தான்க்கா தெரியும்" என்றான், கேமராவிலிருந்து தலையைத் தூக்காமலே.

உனக்கு என்னடா தெரியும்? அம்மா படுத்திருந்தது ஏழு மாசம். வாரா வாரம் "அடுத்த வாரம் வரேன்". யாரோ ஒருத்தர் படத்தில் உதவி இயக்குநர், விட்டுவிட்டு வர முடியாதாம். என் போனில் அவன் பெயரையே "அடுத்த வாரம்" என்று மாற்றி வைத்திருந்தேன். அம்மாவுக்கு அது தெரியாது. போன் அடித்தால், "சின்னவனாடி?" என்பாள். "ஆமாம்மா, அடுத்த வாரம்தான்" என்பேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வருத்தமும் இல்லை.

அவர்கள் டீ குடிக்க வெளியே போன நேரத்தில் அறைக்குள் போனேன். மருந்து பாட்டில்கள் கன்னாபின்னாவென்று இருந்தன. காலை மருந்து இடப்பக்கம், மாலை மருந்து வலப்பக்கம் என்று அடுக்கினேன். துண்டைப் படுக்கையிலிருந்து எடுத்து, மடித்து, நாற்காலிக் கையில் போட்டேன். அதுதான் அதன் இடம். அடுத்த இடைவேளையில் தம்ளரையும் நகர்த்தினேன். கை அதன் பாட்டுக்குச் செய்தது.

அந்தக் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் குறித்து வைப்பதுதான் அவள் வேலை. நான் அவளை நோட்டுக்காரி என்று வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்று ஜுரம், மதியம்தான் வந்தாள். வந்து படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. ஒரு ஷாட்டில் துண்டு படுக்கையில், அடுத்ததில் நாற்காலியில். பாட்டில்கள் தாமாகவே இடம் மாறுகின்றன. அரை நாள் வேலை குப்பை.

"யாரு தொட்டது?" என்று தம்பி கத்தினான்.

"நான்தான். தப்பா இருந்துச்சு, சரி பண்ணேன்."

"அக்கா, இது செட்டுக்கா! உன் வீடு இல்ல!"

"என் வீடுதான்டா."

அம்மாவாக நடிக்கும் வயதான நாடகக்காரி படுத்தபடியே சொன்னாள்: "சண்டைய நல்லா வெளிச்சத்துல வந்து போடுங்கப்பா, அதையும் எடுத்துடலாம். இங்க சாகறவ நான் சும்மாதான படுத்திருக்கேன்." எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அம்மா இருந்தால் சிரித்திருப்பாள்.

மார்ச் 16

நோட்டுக்காரியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், உங்கள மாதிரி ஞாபகம் இருக்கிறவங்கதான் எங்க தொழிலுக்கு வேணும்" என்றாள். கிண்டலா என்று பார்த்தேன். இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

வியாழன் வரைக்கும் லீவு போட்டேன். அம்மா படுத்திருந்த மாதங்களைக் கழித்தால், இருபது வருடத்தில் கான்கிரீட் கட்டி உடைக்க நான் இல்லாத ஏழாவதோ எட்டாவதோ நாள்.

அறையில் நிற்க இடமில்லை என்று நோட்டுக்காரி என்னைக் கூடத்தில் மானிட்டர் பக்கம் உட்காரவைத்தாள். திரையைப் பார்த்தேன். ஜன்னல். ஜன்னலை ஒட்டித் தலையணை. அலமாரியின் ஒரு விளிம்பு. அவ்வளவுதான்.

எனக்கு இந்தப் படம் தெரியும்.

புத்தக அலமாரியின் இரண்டாம் தட்டில் அகராதிமேல் சாய்த்து நான் வைத்த போனின் படம் இது. அங்கிருந்து பார்த்தால் கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் தெரியும். குளியலறைக் கதவு தெரியாது. வாளி தெரியாது. நான் தெரியமாட்டேன், அவ்வப்போது ஒரு கை வந்து போகும். வசனப் பிரதியிலும் முதல் நாற்பது காட்சியில் மூத்த மகள் ஒரு கையாகத்தான் வருகிறாள். என்னை அவமானப்படுத்த எழுதியிருக்கிறான் என்று கொதித்தேனே. அவன் பார்த்தது அவ்வளவுதான். ஏழு மாதமும் அந்தக் கட்டத்துக்குள் இருந்ததை ஒரு மயிரிழை பிசகாமல் திரும்ப வைத்திருக்கிறான்.

கோபம் குறைந்ததா? இல்லை. அதிகமானது. இவ்வளவு உற்றுப் பார்த்தவன் ஒரு ரயில் ஏறி வந்திருக்கக்கூடாதா?

இன்னொன்றும் எழுதவேண்டும், எழுதப் பிடிக்கவில்லை. அந்தக் கட்டத்தை வைத்தவள் நான். கதவு தெரியக்கூடாது, வாளி தெரியக்கூடாது என்று மூன்று தடவை போனை நகர்த்தி வைத்துப் பார்த்தவள் நான்.

மார்ச் 18, புதன்

நானாக நடிக்கும் நடிகை சமையலறைக்கு வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். தண்ணீர் கேட்டுவிட்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? நாளைக்கு நாப்பத்தொண்ணு. இவ ஏன் போனைக் கவுத்தறா? பொறாமைன்னு சார் சொல்றார். பொறாமையில கவுத்தா கையில ஒரு வேகம் வருது. எனக்கே பொய்யாத் தெரியுது."

பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த பாத்திரத்தையே மறுபடியும்.

"தெரியாதுன்னா விடுங்கக்கா."

"கவுக்கறதுக்கு முன்னாடி கைய துண்டுல துடைச்சுக்குங்க" என்றேன்.

"ஏன்?"

"கை ஈரமா இருக்கும்."

என்னையே பார்த்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. கெட்டிக்காரி.

இது வாக்கை மீறியதா? சொல்லாதே என்றுதானே அம்மா கேட்டாள். நான் சொல்லவில்லை. — இப்படித்தான் கான்ட்ராக்டர்களும் பேசுவார்கள்.

மார்ச் 19, வியாழன்

நாடகக்காரி போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நடிகை உள்ளே வந்தாள். நாற்காலிக் கையிலிருந்து துண்டை எடுத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு போனைச் சத்தமில்லாமல், தூங்கும் குழந்தையைப் புரட்டுவதுபோலக் கவிழ்த்தாள். திரும்பி, போர்வையை விலக்கி, விரிப்பின் ஒரு முனையை உருவத் தொடங்கினாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏன் என்று நாடகக்காரிக்கும் புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தம்பி கட் சொல்லவில்லை. கேமராக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கடைசியில் நோட்டுக்காரிதான் "சார்" என்றாள்.

மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது பின்னாலேயே வந்தான்.

"அக்கா. அன்னைக்கு அம்மா—"

"ஷாட் ஓகேவா?"

"அம்மாதான் கவுக்கச் சொன்னாங்களா?"

நான் கிளிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. "நீ வந்திருந்தா போனே வேணாமேடா! கவுக்கறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காதே! ரெண்டு பேர் சேர்ந்து அஞ்சு நிமிஷத்துல விரிப்ப மாத்திருப்போம். ஒத்தையாளா அவள ஒரு கையில தூக்கிட்டு ஒரு கையில உருவிப் பாத்திருக்கியா? அடுத்த வாரம், அடுத்த வாரம்! எந்த வாரம்டா அது?"

பக்கத்து மாடியில் யாரோ எட்டிப்பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"பயமா இருந்துச்சுக்கா" என்றான். "போன்ல நல்லாத்தான் தெரிஞ்சாங்க. வந்தா வேற மாதிரி இருப்பாங்கன்னு தெரியும்."

அறையவேண்டும் போலிருந்தது. துணிக்கூடையை அவன் கையில் கொடுத்தேன். தூக்கிக்கொண்டு இறங்கினான்.

மார்ச் 22, ஞாயிறு

எல்லோரும் போய்விட்டார்கள். சுவரில் டேப் ஒட்டிய தழும்புகள். கட்டில் இன்னும் ஜன்னலோரம். தம்பி மட்டும் நின்றான்.

"எங்க இருந்துச்சு?"

காட்டினேன். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான். போட்ட பிறகு கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடந்து பார்த்தான்.

"நாலு."

"நாலுதான்."

ஜூன் 27

எடிட்டிங் அறையிலிருந்து கூப்பிட்டான். "அந்தக் கை துடைக்கறது, விரிப்ப உருவறது, வைக்கட்டுமா, எடுக்கட்டுமா? வச்சா எல்லாருக்கும் உன்னைப் புரியும்க்கா."

வைத்தால் எல்லோருக்கும் அம்மாவையும் புரியும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பத்து நிமிடத்தில் நானே கூப்பிட்டு, "எடுத்துடு" என்றேன். போனை வைத்த பிறகு அம்மாமேல் வந்த கோபத்தை இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

நாற்பது இருக்கைகள் உள்ள சின்ன அரங்கில் படம் போட்டார்கள். அடுத்த வாரம் வருகிறேன் என்றவன் போன வாரமே வந்துவிட்டான். கூடத்தில் படுத்துக்கொண்டு, என் துண்டை எடுத்து, ஈரத்தோடு கதவில் போட்டுவிட்டு... அது வேறு சண்டை.

நாற்பத்தோராம் காட்சி. ஒரு கை வருகிறது. போன் கவிழ்கிறது. இருட்டு. அந்த இருட்டை அவன் உடனே விடவில்லை. வெகுநேரம் வைத்திருந்தான், ஒரு சத்தமும் இல்லாமல். என் வேலை அதற்குள் எங்கோ நடந்துகொண்டிருந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "என்ன ஜென்மமோ. கல்லு."

தம்பி சடாரென்று திரும்பினான். வாயைத் திறந்தும்விட்டான். அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடு" என்றேன். "படத்தப் பாரு."