போதும் என்று சொல்கிறவர்

கோலியனூர்,
ஆவணி, 1986

என் வீட்டுக்காரிக்கு,

இது நானே எழுதியது. முதியோர் பள்ளியில் கற்ற எழுத்து. 'ழ' போட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தபால்காரரிடம் சொல்லி எழுதவைக்க வெட்கப்பட்டதையெல்லாம் இனி எழுதலாம்.

மகள் வீட்டில் முட்டி வலி குறைந்ததா? போன வாரம் திண்டிவனம் வந்தபோது பார்த்தேன். காலில் மணல் பை கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டித் தூக்கினாய். உன் மூட்டு தளர்வானது, நேரானதும் நிற்காமல் பின்பக்கம் வளைந்துவிடும், அது உனக்கே தெரியாது என்று டாக்டர் சொன்னாராம். அதனால் பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர் அருகில் நின்று, கால் நேரானதும், "போதும்மா, நிறுத்துங்க" என்கிறார். நீயும் உடனே நிறுத்துகிறாய்.

எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. நல்ல மனிதர்தான். மீசைக்கு மை பூசுகிறார்.

ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, நான் போதும் என்றதும் நீ எதை நிறுத்தினாய்? சோறு போடுவதையா, பேச்சையா? "நீ கம்முனு இருய்யா" என்பாய். அவரிடம் மட்டும், "சரிங்க மாஸ்டர்" என்று சிரிக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இனி உன் காலைப் பார்த்து நானே சொல்கிறேன். அவர் எதிரில், நான் சொன்னதும் நிறுத்து. மற்ற எல்லாவற்றிலும் எப்போதும்போல என் பேச்சைக் கேட்காமலேயே இரு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்