அண்ணன் சொன்ன ஒத்திகை

என் சண்டைக்காரிக்கு,

ஆஸ்பத்திரியில் அசையாமல் படுத்திருப்பவளுக்கு இதையெல்லாம் எழுதக் கூடாதுதான். ஆனால் காலையிலிருந்து எனக்குக் குமட்டுகிறது. உன் மசக்கை என்னிடம் மாறி வந்துவிட்டது போல.

கடையில் வண்டி சீட் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, தொட்டில் மெத்தை தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தார். என் ஊசியை எடுத்துப் பல்லைக் குத்திக்கொண்டே ஆரம்பித்தார்.

"இப்ப எதுக்குடா இது? ரத்த டெஸ்ட்டு சரியில்ல, கசிவும் நிக்கல. நாளைக்கு வர்ற ரிசல்ட்டும் மோசமா இருந்தா, இத ஒரு ஒத்திகைன்னு நெனச்சுக்க. அடுத்தது நல்லா வரும்."

ஒத்திகையாம்! எச்சில் ஊசியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன்.

"ஏண்ணே, உங்களப் பெத்ததும் ஒத்திகைதானா? அதான் அடுத்து என்னப் பெத்தாங்களா?"

முறைத்துக்கொண்டு போய்விட்டார். ஒத்திகையாவது தேறியது, நாடகம்தான் சொதப்பல் என்று நீ நினைப்பாய். சிரித்துத் தொலைக்காதே, வயிறு குலுங்கும்.

மெத்தையை முடித்துவிட்டேன். ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்.

எனக்கென்னவோ நல்லபடியாகத்தான் வரும் என்று படுகிறது. எப்படி வந்தாலும், முந்தாநாள் நம் பிள்ளை உன்னை உதைத்தது உதைத்ததுதான். அதை எந்த ரிசல்ட்டும் இல்லையென்று சொல்ல முடியாது.

நாளை டாக்டர் பேசும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் மயங்கி விழுந்தால் நர்ஸைக் கூப்பிடு, நீ எழுந்திருக்காதே.

இப்படிக்கு,
ஏற்கெனவே அப்பாவாகிவிட்டவன்